பெர்லில் கோப்புப் பதிவேற்றம்: சிஜிஐ ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்குவோருக்கு

படிவத்தில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து "அனுப்பு" பொத்தானை அழுத்தினால் அது சர்வரில் ஒழுங்காகப் போய் உட்கார வேண்டும். கேட்க எளிது. ஆனால் இணையப் படிவங்களிலேயே அதிகம் கோளாறு தருவதும், அதிகம் ஆபத்து கொண்டதும் இந்த வேலைதான். முன்பின் தெரியாத ஒருவர் தன் கோப்பை உங்கள் வட்டில் எழுதுகிறார். அந்தக் கோப்பின் பெயர், வகை, அளவு எல்லாவற்றையும் அவரே சொல்கிறார். அவர் சொல்வதில் எதை நம்பலாம், எதை நாமே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது புரிந்துவிட்டால் மீதி வெறும் தட்டச்சு வேலை.

இதைக் கற்றுக்கொள்ளப் பெர்ல் நிரல்மொழியும் சிஜிஐயும் இன்றும் நல்ல இடம். சிஜிஐ 1993-இல் வந்த ஏற்பாடு. படிவத்திலிருந்து வரும் தரவைச் சர்வர் உங்கள் நிரலின் உள்ளீட்டில் கொட்டும். நிரல் அச்சிடுவது அப்படியே பிரவுசருக்குப் போகும். இடையில் மறைவாக நடப்பது எதுவும் இல்லை. லிங்கன் ஸ்டைன் எழுதிய சிஜிஐ.பிஎம் மாட்யூல் நெடுநாள் பெர்லோடு சேர்ந்தே வந்தது. 2015-இல் வெளியான 5.22 பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பழைய பாடங்கள் "தனியாக நிறுவ வேண்டியதில்லை" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தக் கட்டுரையில் கட்டளை, மாட்யூல், ஃபோல்டர் பெயர்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. நிரலிலும் டெர்மினலிலும் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் சர்வர்

உபுண்டு அல்லது டெபியன் கணினியை வைத்துச் சொல்கிறோம். 'ஆப்ட் இன்ஸ்டால்' மூலம் இரண்டு பொட்டலங்களை நிறுவுங்கள்: 'அப்பாச்சி2' (இணையச் சர்வர்), 'லிப்சிஜிஐ-பிஎம்-பெர்ல்' (சிஜிஐ.பிஎம் மாட்யூல்). பெர்ல் ஏற்கெனவே இருக்கும். பிறகு 'ஏ2என்மாட் சிஜிஐ' என்று அடியுங்கள். நூலிழை முறையில் ஓடும் அப்பாச்சியாக இருந்தால் அது சிஜிஐக்குப் பதில் 'சிஜிஐடி'யைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அது பிழை அல்ல. அப்பாச்சியை ஒருமுறை மறுபடி தொடங்குங்கள்.

ஸ்கிரிப்ட் வைக்க வேண்டிய இடம் '/யுஎஸ்ஆர்/லிப்/சிஜிஐ-பின்'. அனுமதி 755. வேறு ஃபோல்டரில் வைத்தால் ஸ்கிரிப்ட் ஓடாது, அதன் மூல நிரலே பிரவுசரில் தெரியும் அல்லது டவுன்லோட் ஆகும். அப்படி நடந்தால் சிஜிஐ மாட்யூல் இயங்கவில்லை, அல்லது இடம் தவறு என்று பொருள்.

ஒரு வரி அச்சிடும் ஸ்கிரிப்டை எழுதி ஓட்டிப் பாருங்கள். அது ஓடாமல் பதிவேற்றத்துக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் முதல் முயற்சியில் "500 இன்டர்னல் சர்வர் எரர்"தான் வரும். பிரவுசரை வெறித்துப் பார்த்துப் பயனில்லை, காரணம் '/வார்/லாக்/அப்பாச்சி2/எரர்.லாக்' கோப்பின் கடைசி வரிகளில் இருக்கும். இன்னொரு டெர்மினலில் 'டெயில் -எஃப்' போட்டு அதைத் திறந்தே வைத்திருங்கள்.

"எண்ட் ஆஃப் ஸ்கிரிப்ட் அவுட்புட் பிஃபோர் ஹெடர்ஸ்" என்று லாக் சொன்னால், தலைப்பு வரிகள் முடிவதற்குள் ஸ்கிரிப்ட் செத்துவிட்டது, அல்லது தலைப்புக்குப் பின் வர வேண்டிய வெற்று வரியை நீங்கள் அச்சிடவில்லை. 'பெர்ல் -சி' கொடுத்து இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று லாக் சொன்னால் குழம்ப வேண்டாம். விண்டோஸில் எழுதி ஏற்றிய ஸ்கிரிப்டின் முதல் வரி (பெர்லின் பாதையைச் சொல்லும் வரி) முடிவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து (எண் 13) ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸ் அதையும் சேர்த்துப் படித்து, அப்படி ஒரு பெர்ல் இல்லையே என்கிறது. காணாமல் போனது ஸ்கிரிப்ட் அல்ல, அதை ஓட்ட வேண்டிய பெர்ல்தான். 'டாஸ்2யூனிக்ஸ்' கட்டளை இதைத் துடைத்துவிடும். நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது 'பாம்' குறியோடு (கோப்பின் தலையில் ஒட்டும், கண்ணுக்குத் தெரியாத குறி) சேமித்தாலும் முதல் வரி இப்படித்தான் கெடும்.

தமிழில் அச்சிடுபவர்களுக்கு இன்னொன்று காத்திருக்கிறது. சிஜிஐ.பிஎம்மின் 'ஹெடர்' செயல்கூறு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஐஎஸ்ஓ-8859-1 என்றே எழுத்துமுறையை அறிவிக்கும். எச்டிஎம்எல்லுக்குள் நீங்கள் மெட்டா குறியில் யூடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும் சர்வர் அனுப்பும் தலைப்பே முந்தும். விளைவு, பக்கம் முழுக்கக் குப்பை எழுத்து. 'ஹெடர்' அழைப்பில் '-கேர்செட்' என்பதற்கு யூடிஎஃப்-8 கொடுத்தால் சரியாகிவிடும்.

படிவம்

எச்டிஎம்எல் படிவத்தில் மூன்று விஷயங்கள் கட்டாயம்: 'மெத்தட்' போஸ்ட் ஆக இருக்க வேண்டும், 'என்க்டைப்' என்பது 'மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா' ஆக இருக்க வேண்டும், உள்ளீட்டுப் பெட்டியின் வகை 'ஃபைல்', அதற்கு ஒரு பெயர். நடுவில் உள்ளதை மறந்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. படிவம் போகும், ஸ்கிரிப்ட் ஓடும், கோப்பின் பெயர் மட்டும் வந்து சேரும், உள்ளே ஒரு பைட்டும் இருக்காது. பெயர் வருகிறது, கோப்பு வரவில்லை என்றால் வேறெங்கும் தேடாமல் முதலில் இதைப் பாருங்கள்.

சரியாக அமைத்தால் பிரவுசர் என்ன அனுப்புகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு பெட்டியின் தரவையும் ஒரு எல்லைக்கோட்டுச் சரத்தால் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறது. கோப்பு இருக்கும் துண்டின் தலையில் இரண்டு வரிகள் இருக்கும்: ஒன்றில் பெட்டியின் பெயரும் கோப்பின் பெயரும், மற்றதில் கோப்பின் வகை. பிறகு ஒரு வெற்று வரி, அதற்குப் பிறகு கோப்பின் பைட்டுகள். ஆக, பெயரும் வகையும் அனுப்புபவர் எழுதிய வெறும் உரை. உங்களிடம் உண்மையாக வந்து சேர்ந்தது பைட்டுகள் மட்டுமே.

ஸ்கிரிப்ட்: அளவு

முதல் வரியில் பெர்லின் பாதையோடு '-டி' (பெரிய எழுத்து) சேருங்கள். இது டெயின்ட் முறை. வெளியிலிருந்து வந்த எந்தச் சரத்தையும் அப்படியே எழுதும் கோப்பின் பெயராகவோ ஷெல் கட்டளையாகவோ பயன்படுத்தினால் "இன்செக்யூர் டிபென்டென்சி" என்று சொல்லிப் பெர்ல் நின்றுவிடும். தொந்தரவு என்று இதை எடுத்துவிடுபவர்கள் அதிகம். புதியவர்கள் எடுக்கவே கூடாது. இதைப் போட்ட பின் சோதனையும் '-சிடி' என்று இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கும் ஒரு புகார் வரும். டெயின்ட் முறையில் 'பெர்ல்5லிப்' சூழல் மாறியைப் பெர்ல் கண்டுகொள்ளாது. உங்கள் வீட்டு ஃபோல்டரில் நிறுவிய மாட்யூல்கள் திடீரெனக் காணாமல் போவது அதனால்தான்.

அடுத்து 'யூஸ் ஸ்ட்ரிக்ட்', 'யூஸ் வார்னிங்ஸ்', 'யூஸ் சிஜிஐ'. உடனே அளவு வரம்பு. '$சிஜிஐ::போஸ்ட்_மேக்ஸ்' என்ற மாறியின் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. 5 எம்பி வேண்டுமென்றால் 5 * 1024 * 1024 போடலாம், ஆனால் இந்த எண் படிவம் முழுவதற்குமானது. எல்லைக்கோடுகளும் மற்றப் பெட்டிகளும் இதில் அடங்கும் என்பதால் சரியாக 5 எம்பி உள்ள கோப்பு தோற்றுப்போகும். 100 கேபி கூட்டிக் கொடுங்கள். முக்கியம், இந்த வரி 'சிஜிஐ->நியூ'வுக்கு மேலே வர வேண்டும். அந்த அழைப்பிலேயே உள்ளீடு முழுவதையும் படித்து முடித்துவிடுவதால், கீழே எழுதிய வரம்பு எதையும் தடுக்காது.

வரம்பு மீறினால் நிரல் சாகாது. எல்லாப் பெட்டிகளும் காலியாக வரும். 'சிஜிஐ_எரர்' அழைத்தால் 413 (வேண்டுகோள் மிகப் பெரியது) என்று தொடங்கும் செய்தி கிடைக்கும். 'நியூ'வுக்கு அடுத்த வரியிலேயே அதைப் பார்த்து, பயனருக்குப் புரிகிற பதில் கொடுங்கள்.

உங்கள் ஸ்கிரிப்டைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தும் வாயில்களும் உண்டு. அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் இருந்தால் அதன் 'கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்' இயல்பாக 1 எம்பிதான். சிறு படங்கள் போகின்றன, கேமராப் படங்கள் மட்டும் 413 தருகின்றன, ஸ்கிரிப்டின் லாக்கில் ஒன்றுமே இல்லை என்றால் காரணம் இதுதான். அப்பாச்சியின் 'லிமிட்ரிக்வெஸ்ட்பாடி' 2.4.53 வரை வரம்பில்லாமல் இருந்தது, 2.4.54 முதல் 1 ஜிபி.

ஸ்கிரிப்ட்: கோப்பைக் கையில் எடுப்பது

கோப்பைப் படிக்க 'அப்லோட்' செயல்கூறை, பெட்டியின் பெயரைக் கொடுத்து அழையுங்கள். அது படிப்பதற்கான கைப்பிடி ஒன்றைத் தரும்; கோப்பு வரவில்லை என்றால் ஒன்றும் தராது. 'பாராம்' அழைத்தால் கோப்பின் பெயர் கிடைக்கும். பழைய பாடங்களில் 'பாராம்' தந்ததையே கைப்பிடியாக வைத்துப் படிப்பார்கள். அதைப் பின்பற்றாதீர்கள்.

காரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரே பெயரில் இரண்டு பெட்டிகளை ஒருவர் அனுப்பலாம்: முதலாவது வெறும் உரை, இரண்டாவது உண்மையான கோப்பு. 'அப்லோட்' இரண்டில் கோப்பைக் கண்டுகொண்டு "வந்திருக்கிறது" என்று சொல்லும். 'பாராம்' முதலில் வந்த உரையைத் தரும். அந்த உரை 'ஆர்க்வி' என்ற சொல்லாக இருந்தால், கோணக் குறிகளுக்குள் போட்டுப் படிக்கும்போது பெர்ல் அதைத் தன் சிறப்புக் கைப்பிடியாக எடுத்துக்கொண்டு, நிரலுக்கு வந்த வாதங்களை ஒவ்வொன்றாகத் திறக்கும். சிஜிஐயில் அந்த வாதங்கள் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் எழுதியவற்றிலிருந்து வரக்கூடும். குழாய்க் குறியோடு எழுதினால் அது கோப்பு அல்ல, கட்டளை. பெட்டி ஒன்றின் பெயரை இரண்டு முறை அனுப்பத் தெரிந்தவர் சர்வரில் கட்டளை ஓட்டிவிடலாம். 'அப்லோட்' தந்த கைப்பிடியை மட்டும் படித்தால் இந்த வழி அடைபடும்.

'பாராம்' அழைப்பின் விடையை எப்போதும் ஒற்றை மாறியில் வாங்குங்கள். ஹாஷ் (சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பு) ஒன்றின் நடுவே அதை நேராக எழுதினால் பட்டியலாக விரிந்து, நீங்கள் நினைக்காத சாவிகளையும் நிரப்பிவிடும். இப்படி அழைத்தால் மாட்யூலே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைக்க வேண்டாம்.

வகையைப் பைட்டில் பாருங்கள்

'அப்லோட்இன்ஃபோ' மூலம் பிரவுசர் சொன்ன வகையை அறியலாம், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கைப்பிடியை 'பின்மோட்' செய்து (பைட்டுகளை மாற்றாமல் அப்படியே கையாளச் சொல்லி), முதல் 8 பைட்டுகளைப் படித்து, 'அன்பேக்' கொண்டு எண்களாக்குங்கள். ஜேபெக் படம் 255, 216, 255 என்று தொடங்கும். பிஎன்ஜி 137, 80, 78, 71, 13, 10, 26, 10. பிடிஎஃப் 37, 80, 68, 70. இவற்றை ஒரு சிறு அட்டவணையாக நிரலில் வைத்து, பொருந்தினால் அந்த வகைக்கு நீங்கள் எழுதிவைத்த பின்னொட்டை எடுங்கள், பொருந்தாவிட்டால் மறுத்துவிடுங்கள். பார்த்து முடித்ததும் 'சீக்' கொண்டு தொடக்கத்துக்குத் திரும்ப மறக்க வேண்டாம். மறந்தால் சேமித்த எல்லாப் படங்களும் தலையில்லாமல் 8 பைட் குறைந்திருக்கும், எதுவும் திறக்காது.

எஸ்விஜியை இந்த அட்டவணையில் சேர்க்காதீர்கள். அது பார்வைக்குப் படம், உள்ளே எக்ஸ்எம்எல். ஜாவாஸ்கிரிப்ட் ஒளிந்திருக்க இடமுண்டு. முதல் பைட்டுகள் சரியாக இருப்பதால் மட்டும் ஒரு கோப்பு யோக்கியமாகிவிடாது என்பதும் உண்மைதான். அதற்குத்தான் அடுத்த படி.

எங்கே, எந்தப் பெயரில்

இடம்: இணையத்தில் நேராகத் தெரியும் ஃபோல்டருக்கு வெளியே. உதாரணமாக '/எஸ்ஆர்வி/பதிவேற்றம்' போல ஒன்று. ஸ்கிரிப்ட் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனராக ஓடுவதால், ஃபோல்டரை அவர் பெயருக்கு 'சோன்' (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்து 750 கொடுங்கள். "பெர்மிஷன் டினைட்" வந்ததும் 777 போடுவது வழக்கமாகிவிட்டது. உரிமையாளரை மாற்றினால் அதற்கு அவசியமே இல்லை. சிஜிஐ-பின்னுக்குள் மட்டும் பதிவேற்றங்களை எழுதவே கூடாது.

பெயர்: பயனர் தந்த பெயரை வட்டில் வைக்க வேண்டாம். அதில் '../' இருக்கலாம், முழுப் பாதை இருக்கலாம் (பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் டிரைவ் எழுத்தோடு முழுப் பாதையையும் அனுப்பும்), புள்ளியில் தொடங்கி அப்பாச்சியின் அமைப்புக் கோப்பையே மேலெழுதும் பெயர் இருக்கலாம். வழிகாட்டிகள் பலவும் "ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு தவிர மற்றதை நீக்கு" என்று ஒரு வரி தருகின்றன. தமிழ்ப் பெயருக்கு அது என்ன செய்யும் என்று பாருங்கள். 'ரசீது.பிடிஎஃப்' என்று தமிழும் ஆங்கிலப் பின்னொட்டுமாக வந்த பெயரில் மிஞ்சுவது புள்ளியும் பின்னொட்டும் மட்டுமே. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர் மறைவுக் கோப்பு. 'எல்எஸ்' போட்டால் தெரியாது, பதிவேற்றம் வேலை செய்யவில்லை என்று நினைப்பீர்கள். அடுத்தவர் இன்னொரு தமிழ்ப் பெயரில் அனுப்பினால் அதுவும் அதே பெயராகச் சுருங்கி, முந்தையதை அழித்துவிடும்.

ஆகவே 'ஃபைல்::டெம்ப்' மாட்யூலிடம் ஃபோல்டரையும், அட்டவணையிலிருந்து எடுத்த பின்னொட்டையும் கொடுத்து, 'அன்லிங்க்' 0 (தானாக அழிக்காதே) என்று சொல்லிவிடுங்கள். யாரிடமும் இல்லாத பெயரில் கோப்பைத் திறந்து தரும். இருவர் ஒரே கணத்தில் அனுப்பினாலும் மோதாது. பெயரில் வெளியார் சரம் எதுவும் இல்லை என்பதால் டெயின்ட் முறையும் முணுமுணுக்காது. இது முணுமுணுத்தால் உங்கள் வடிவமைப்பில் எங்கோ பயனரின் சொல் நுழைந்திருக்கிறது.

பயனர் தந்த பெயர் காட்டுவதற்கு வேண்டுமென்றால் தரவுத்தளத்தில் வையுங்கள். அது பைட்டுகளாக வருகிறது. 'என்கோட்' மாட்யூலின் 'டிகோட்' கொண்டு முதலில் எழுத்துகளாக்குங்கள். அதற்குப் பிறகு '\டபிள்யூ' என்ற வடிவக்குறி தமிழ் எழுத்தையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் கொம்பையும் கால்களையும் ஒழுங்காக ஏற்கும். டிகோட் செய்யும் முன்பே பயன்படுத்தினால் எல்லாவற்றையும் குப்பை என்று தள்ளும். மேக் கணினியிலிருந்து வரும் பெயர்களில் சில நேரம் 'கொ'வின் உயிர்க்குறி கொம்பு, கால் என இரண்டாகப் பிரிந்து வரும். பார்வைக்கு ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. 'யூனிகோட்::நார்மலைஸ்' தரும் 'என்எஃப்சி' அதைச் சேர்த்துவிடும். பெயரை வட்டிலேயே வைத்தாக வேண்டுமென்றால் இதையும் கணக்கில் கொள்ளுங்கள்: லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட் மட்டுமே. 'தமிழ்' என்ற சொல்லுக்கே யூடிஎஃப்-8இல் 15 பைட் ஆகும். நீளமான தலைப்புகள் சீக்கிரம் முட்டும்.

எழுதுவது

65,536 பைட் துண்டுகளாக 'ரீட்' செய்து 'பிரின்ட்' செய்யுங்கள். முழுக் கோப்பையும் ஒரே சரத்தில் ஏற்றினால் நான்கு பேர் சேர்ந்து அனுப்பும்போது நினைவகம் திணறும். எழுதும் கைப்பிடிக்கும் 'பின்மோட்' கட்டாயம். விண்டோஸ் சர்வரில் இதை விட்டால் படத்துக்குள் 10 என்ற பைட் வரும் இடமெல்லாம் முன்னால் ஒரு 13 நுழைந்துவிடும். லினக்ஸில் எல்லாக் கைப்பிடிகளுக்கும் யூடிஎஃப்-8 அடுக்கு போட்டிருந்தால், 127-க்கு மேற்பட்ட ஒவ்வொரு பைட்டும் இரண்டாகும். சேமித்த கோப்பு மூலத்தைவிடப் பெரிதாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், இந்த இரண்டில் ஒன்று.

கடைசியில் 'க்ளோஸ்' தரும் விடையைப் பாருங்கள். வட்டு நிறைந்திருந்தாலும் 'பிரின்ட்' வெற்றி என்று சொல்லக்கூடும், ஏனென்றால் அது இடைநினைவகத்தில்தான் எழுதியது. உண்மை 'க்ளோஸ்' செய்யும்போதுதான் வெளிவரும். தோற்றால் பாதிக் கோப்பை 'அன்லிங்க்' செய்துவிட்டுப் பயனருக்குச் சொல்லுங்கள்.

பதிவேற்றம் நடக்கும்போது சிஜிஐ.பிஎம் ஒரு தற்காலிகக் கோப்பில் சேர்த்துவைக்கும். அதை '/டெம்ப்' (ஆங்கிலத்தில் டி, எம், பி) ஃபோல்டரில் நேராகத் தேடினால் கிடைக்காது. டெபியன், உபுண்டுவில் அப்பாச்சிக்கு சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நடத்தும் நிரல்) தனியாக ஒரு '/டெம்ப்' கொடுத்திருக்கிறது. உண்மையான '/டெம்ப்'இல் 'சிஸ்டம்டி-பிரைவேட்' என்று தொடங்கும் ஃபோல்டருக்குள் ரூட்டாகப் பார்த்தால் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் "வந்துவிட்டது" பக்கத்தை அங்கேயே அச்சிடாமல், 303 நிலையோடு வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் பயனர் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது கோப்பு மறுபடி வரும். கோப்புப் பெயரைப் பக்கத்தில் காட்டினால் 'எஸ்கேப்எச்டிஎம்எல்' வழியாக மட்டும். டிகோட் செய்த தமிழ்ப் பெயரை நேராக அச்சிட்டால் "வைட் கேரக்டர்" எச்சரிக்கை லாக்கில் வரும். அச்சிடும் முன் 'என்கோட்' செய்யுங்கள்.

உடைத்துப் பாருங்கள்

பிரவுசரில் ஒரு படம் போனதும் வேலை முடிந்தது என்று மூடிவிட வேண்டாம். 'கர்ல்' கட்டளையின் பெரிய 'எஃப்' தேர்வு மல்டிபார்ட் படிவத்தை அனுப்பும். கோப்புக்குப் பின் அரைப்புள்ளி போட்டு 'ஃபைல்நேம்', 'டைப்' இரண்டையும் நீங்கள் விரும்பியபடி எழுதலாம். ஓர் உரைக்கோப்பைப் பிஎன்ஜி என்று சொல்லி அனுப்புங்கள், மறுக்க வேண்டும். பெயரில் '../../' வைத்து அனுப்புங்கள்; ஃபோல்டருக்கு வெளியே ஒன்றும் முளைக்கக் கூடாது. 0 பைட் கோப்பு, கோப்பே தேர்ந்தெடுக்காத படிவம், வரம்பைவிட ஒரு எம்பி பெரியது, தமிழ்ப் பெயர் கொண்டது, ஒரே கோப்பு இரண்டு முறை: இவை ஐந்தையும் ஓட்டுங்கள். நல்ல படத்தை ஏற்றியபின் மூலத்தையும் சேமித்ததையும் 'எஸ்எச்ஏ256சம்' கொண்டு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

கோப்பைத் திரும்பக் கொடுக்க இன்னொரு சிறு ஸ்கிரிப்ட் வேண்டும், ஏனென்றால் ஃபோல்டர் வெளியில் இல்லை. முகவரியில் கோப்புப் பெயரை வாங்காமல் தரவுத்தள எண்ணை வாங்குங்கள். 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' தலைப்பில் 'அட்டாச்மென்ட்' என்றும், 'எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ்' தலைப்பில் 'நோஸ்னிஃப்' என்றும் எழுதுங்கள். தமிழ்ப் பெயர் சிதையாமல் போக, நட்சத்திரக் குறியோடு கூடிய 'ஃபைல்நேம்*' வடிவில், யூடிஎஃப்-8 என்று குறித்து, சதவீதக் குறியீடாக்கிய பெயரைக் கொடுக்க வேண்டும்.

புதிதாகப் பெரிய தளம் கட்டுபவர்கள் சிஜிஐயில் தங்க வேண்டியதில்லை; ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் பெர்ல் புதிதாகத் தொடங்கி மாட்யூல்களை ஏற்றுவதால் கூட்டம் வந்தால் மெதுவாகும். மோஜோலிசியஸ், டான்சர்2 என்ற பெர்ல் இணையச் சட்டகங்கள் இரண்டிலும் பதிவேற்றம் சில வரிகளில் முடியும். மோஜோலிசியஸில் வேண்டுகோளின் உச்ச அளவு இயல்பாகவே 16 எம்பி. கூட்ட வேண்டுமென்றால் 'மோஜோ_மேக்ஸ்_மெசேஜ்_சைஸ்' சூழல் மாறியில் பைட் கணக்கில் கொடுங்கள். முதல் பைட்டுகளைப் பார்ப்பதையும் பெயரை நீங்களே வைப்பதையும் அங்கேயும் உங்களுக்காக யாரும் செய்துதர மாட்டார்கள்.